ராஜபாளையம் பிரிண்டர்

எங்கள் அச்சுக் கடைக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுத்தால் இரண்டு பெயர்கள் வரும். முதலாவது, மூலையில் உட்கார்ந்திருக்கிற நிஜமான பிரிண்டர். காகிதம் சிக்கினால் முதுகில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு மறுபடி வேலை செய்யும். இரண்டாவதின் பெயர் ‘ராஜபாளையம்’. அப்படியொரு பிரிண்டர் எங்கேயும் கிடையாது. அது ஒரு டேப்லெட். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்து அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து பிரிண்ட் கொடுத்தால், ராஜபாளையத்தில் தவசிமுத்து அண்ணாச்சி தோளில் தொங்குகிற பைக்குள் ஒரு பக்கம் வந்து சேர்ந்திருக்கும். கம்ப்யூட்டரை ஏமாற்றுகிற வேலைதான். காகிதத்தில் அடித்துவிட்டோம் என்று அது நம்பிக்கொள்ளும். அங்கே திரையில் அதே எழுத்து, அதே அளவு, அதே பார்டர்.

வாட்ஸப்பில் அனுப்பினால் ஆகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆகாது. ஃபோனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். வயசாளிகள் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு “சரியாத்தான் இருக்கு” என்பார்கள். ஆயிரம் கல்யாணப் பத்திரிகை அச்சான பிறகு மாமன் பெயரைக் காணோம் என்று சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் எங்கள் முதலாளி ஜமால் முகமது, அவர் என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமா, இந்த ஏற்பாட்டைச் செய்தார். ராஜபாளையத்தில் ஆர்டர் பிடிக்கிறவர் தவசிமுத்து அண்ணாச்சி. அவர் டேப்லெட்டோடு வீடுவீடாகப் போய் புரூஃப் காட்டுவார்.

இதில் ஒரு குறை உண்டு. பிரிண்டர் திரும்பிப் பேசாது. புரூஃப் பார்க்கிறவர்கள் டேப்லெட்டில் விரலாலேயே அடிக்கலாம், சுழிக்கலாம், ஓரத்தில் எழுதலாம். ஆனால் எழுதியது அங்கேயேதான் கிடக்கும். எனக்கு வராது. அண்ணாச்சி அதைப் பார்த்து ஃபோனில் வாசிக்க, நான் இங்கே திருத்துவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டு வேலை முடிந்ததும் வாசல்படியிலேயே நின்று டேப்லெட்டில் உள்ள பக்கங்களையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மா பத்திரிகைப் புரூஃபைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார். அடுத்த பக்கத்தில் யாரோ ஒரு கிழவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்து நின்றிருக்கிறது. அந்த அம்மாள் அலறிய அலறலில் பந்தக்கால் நட வந்தவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்களாம். ஆர்டரும் போனது, பேரும் போனது. அன்றைக்கு அண்ணாச்சியைப் பிடித்துக் காய்ச்சியவள் நான்தான். “அழிச்சுட்டுத்தான் அடுத்த வீட்டு வாசல மிதிக்கணும், தெரிஞ்சுச்சா?” என்று கத்தினேன். பாவம், என்னைவிட இருபது வயது மூத்த மனிதர், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு தடவைகூட மறந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சியிடமிருந்து ஒரு மேட்டர் வந்தது. போஸ்டருக்கான வாசகத்தை நாங்கள் மேட்டர் என்போம். வெள்ளைத்தாளில் யாரோ எழுதியதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு ஃபோட்டோ. அதற்குள் ஃபோன்.

“தாயி, மேட்டர் வந்துச்சா? ஆளு உசுரோடதான் இருக்காரு. வாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு. இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாவளாம். இன்னைக்கோ நாளைக்கோங்காவ. தேதிய மட்டும் விட்டு வையி. போலீஸ்காரர் வீடு, தப்பு கிப்பு வந்துறப்படாது.”

இதுவும் புதிதில்லை. கிடையில் கிடக்கிறவர்களுக்கு முன்கூட்டியே போஸ்டர் தயார் செய்து வைப்பார்கள். செத்த பிறகு ஓடி அலைய முடியாதில்லையா. மறைவு என்று போட்டு எதிரே இடம் விட்டு வைப்போம். ஒருநாள் அண்ணாச்சி ஃபோன் பண்ணி “தேதி போட்டுரு” என்பார். வேறெதுவும் சொல்ல மாட்டார். அந்தச் சொல் வந்தால் ஆள் முடிந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஃபோட்டோவைத் திறந்தேன். தொப்பியும் மீசையுமாக என் அய்யா இருந்தார்.

மில் ரோட்டு வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருந்த படம் அது. பட்டாளத்திலிருந்து வந்த வருஷம் எடுத்தது. கண்ணாடிச் சட்டத்தோடு படம் பிடித்திருந்ததால், ட்யூப்லைட் அய்யாவின் நெற்றியில் வெள்ளையாக விழுந்திருந்தது. மேட்டரை வாசித்தேன். முன்னாள் ராணுவ வீரர், நூற்பாலை பாதுகாவலர், எங்கள் குலவிளக்கு, திரு. உக்கிரபாண்டி அவர்கள். கண்ணீருடன், மகன் வேல்பாண்டி, மருமகள் வெங்கடேஸ்வரி, பேரன் வல்லரசு மற்றும் உறவினர்கள்.

மகள் இல்லை. ‘மற்றும்’ என்று ஒரு சொல் இருந்தது. அதற்குப் பின்னால் எங்கேயாவது நான் நின்றுகொள்ளலாம்.

நான் முஹம்மது அனஸைக் கட்டிக்கொண்டு ஏழு வருஷம் ஆகிறது. பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, பொட்டு வைப்பதை விடவில்லை. ஆனால் அதையெல்லாம் யார் கேட்டார்கள்? போலீஸ் ஸ்டேஷனில் வைத்து அய்யா, “எனக்கு எந்தப் புகாரும் இல்லை” என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை, அழவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். கத்தியதெல்லாம் அண்ணன்தான். அய்யா மனசில் என்ன இருந்தது என்று அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

என் அம்மா மாடத்தி செத்ததை நான் சுவரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், எதிர்ச்சுவரில் பசை காயாமல் அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள். மறைவு என்று முந்தின நாள் தேதி. ஓடினேன். வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவி முடித்திருந்தார்கள். அந்தப் போஸ்டரிலும் மகள் இல்லை. பெற்றவளுக்கு நான் பிறக்கவே இல்லை என்று ஊர் முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள்.

தவசிமுத்து அண்ணாச்சிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் எங்களோடு சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவருக்கு நான் அனஸ் சம்சாரம், கம்ப்யூட்டரில் இருக்கிற பிள்ளை, அவ்வளவுதான்.

என் கை கீபோர்டில் அப்படியே நிற்பதைப் பார்த்து ஜமால் மாமா எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார். அவருக்கு அந்த முகம் தெரியும். ஸ்டேஷனுக்கு அவரும்தானே வந்திருந்தார்.

“எந்திரிம்மா. இத வெளிய குடுத்து அடிச்சுக்குவோம்.”

“வேண்டாம் மாமா. நானே செய்றேன்.”

“கல்லு மனசாம்மா ஒனக்கு?”

“வேற யாராச்சும் செஞ்சா நெத்தியில இருக்குற வெளிச்சத்த அப்படியே விட்டுருவாவ” என்றேன். மாமா தன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

அந்த வெளிச்சத்தை எடுக்க வெகுநேரம் பிடித்தது. கன்னத்துத் தோலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நெற்றியில் வைத்து மூடினேன். எழுத்தைக் கோத்தேன். வேல்பாண்டிக்கு மேலே ஒரு வரி சேர்த்து, ‘மகள் பாண்டீஸ்வரி’ என்று அடித்தேன். பிடிவாதம்தான். போலீஸ்காரனான என் அண்ணன் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவான் என்று தெரியும். அடிக்கட்டும். கேட்காமலே விட்டுவிட்டுப் போவதற்கும், பார்த்து அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ‘ராஜபாளையம்’ என்று தேர்ந்தெடுத்து பிரிண்ட் கொடுத்தேன்.

மத்தியானம் அண்ணாச்சி கூப்பிட்டார். “போலீஸ்காரர் ட்யூட்டிக்குப் போயிருக்காரு, சாயங்காலந்தான் வருவாராம். டேப்லட்ட அந்த வீட்டம்மா கையில குடுத்துட்டு வந்துட்டேன். சத்திரப்பட்டியில ஒரு ஆர்டர் இருக்கு, பாத்துட்டு வாரேன்.”

ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த டேப்லெட் இப்போது என் அய்யா கிடக்கிற வீட்டுக்குள் இருக்கிறது. ஏழு வருஷமாக நான் நுழைய முடியாத வீடு. என் நம்பரை அங்கே எல்லோர் ஃபோனிலும் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பிரிண்டரை யாரும் தடுக்கவில்லை. நான் இங்கே ஒரு பக்கம் அடித்தால் அங்கே போய் நிற்கும்.

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். முதலில் மதினிக்கு எழுதினேன். ‘மதினி, நான் பாண்டீஸ்வரி. அடுத்த பக்கத்தை மட்டும் அய்யா கண்ணுக்கு நேரே பிடிங்க. போஸ்டரைக் காட்டிறாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.’ வெங்கடேஸ்வரி மதினி கெட்டவள் இல்லை. அண்ணனுக்குப் பயப்படுகிறவள், அவ்வளவுதான்.

அய்யாவுக்கு என்ன எழுதுவது? ஏழு வருஷத்துக் கதையை எழுதலாமா? எனக்குப் பிள்ளை தங்காமல் போனதை எழுதலாமா? சாகக் கிடக்கிற மனிதரிடம் போய், உங்கள் போஸ்டரில் என் பெயர் இருக்கலாமா என்று கேட்க முடியுமா? எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைக்கு வந்த ஒருவர் பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகைக்கு மயில் படம் வேண்டும் என்று நின்றார். மயிலைக் காட்டி அனுப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது.

‘அய்யா, நான் பாண்டீஸ்வரி. உங்க மகள்னு நான் சொல்லிக்கிடலாமா?’

அய்யாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. போஸ்டர் தலைப்புக்கு வைக்கிற தடித்த எழுத்தை எடுத்தேன். பெரிதாக, பக்கத்தின் மேல்பாதி நிறைய வைத்தேன். கீழ்ப்பாதியை வெறுமனே விட்டேன். அவர் அதில் எழுதுவார் என்று நினைத்தேனா? நினைத்தேன். பொய் சொல்வானேன். ஸ்டேஷனில் போட்ட கையெழுத்துதான் நான் கடைசியாகப் பார்த்த அவர் எழுத்து. இன்னொன்று பார்க்க ஆசையாக இருந்தது.

பிரிண்ட் கொடுத்தேன். திரை ஓரத்தில் ‘காத்திருக்கிறது’ என்று வந்தது. டேப்லெட் மூடிக்கிடந்தால் அப்படித்தான் வரும். யாராவது திறந்தால்தான் பக்கம் போய்ச் சேரும். நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மடவார் வளாகம் போகிற டவுன் பஸ் ஒன்று நின்று கிளம்பியது. கரண்டு வருகிறதா போகிறதா என்று காற்றாடி இழுத்துக்கொண்டு சுற்றியது. ஒரு தடவை கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், ‘காத்திருக்கிறது’ இல்லை.

போய்விட்டது. யாரோ திறந்திருக்கிறார்கள். அதற்கு மேல் இங்கிருந்து எதுவும் தெரியாது. மதினி படித்துவிட்டுப் பயந்து மூடியிருக்கலாம். சின்னப் பையன் வல்லரசு கேம் விளையாடத் திறந்திருக்கலாம். அய்யா பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

பொழுது சாயும் நேரத்துக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். குரல் பதற்றமாக இருந்தது.

“என்ன தாயி இப்படிப் பண்ணிட்ட? மகள்னு ஒரு பேர எங்கேருந்து சேத்த? போலீஸ்காரரு என்னைய அடிக்காத கொறதான். அந்த வரியவே வெரலால கிழிக்கிற மாதிரி அடிச்சாரு. அத எடுத்துரு. வேற திருத்தம் இல்ல.”

“எடுத்துர்றேன் அண்ணாச்சி. அது என் பேருதான்.”

“ஒம் பேரா? ஒம் பேரு எப்படி…” என்றவர் நிறுத்திவிட்டார்.

“அது எங்க அய்யா” என்றேன். “அண்ணாச்சி, போஸ்டருக்குப் பொறவு ரெண்டு பக்கம் அனுப்பியிருந்தேன். கடைசிப் பக்கத்துல கீழ எதாச்சும் எழுதியிருக்கா பாருங்க.”

லைன் போய்விட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“அண்ணாச்சி?”

“இருந்துச்சு தாயி” என்றார். “கடைசிப் பக்கத்துல பெரிய பெரிய எழுத்தா இருந்துச்சு. எழுத்து மாடல் அனுப்பியிருக்கன்னு நெனச்சேன். அதுக்குக் கீழ வெரலால என்னமோ கிறுக்கியிருந்துச்சு. சின்னப் பய வெளையாண்டிருக்கான்னு… அந்த மனுசன் வேற வாசல்ல நின்னு கத்துதாரு. நான் வாசப்படியிலயே நின்னு எல்லாத்தையும் அழிச்சுட்டு வந்துட்டேன்.”

சட்டம் போட்டது மாமா. தொண்டை கிழியக் கத்திப் பாடம் எடுத்தது நான். அவர் அதைச் சரியாகச் செய்திருக்கிறார்.

அந்த ஆப்பில் அழித்தால் அழித்ததுதான். மீட்டுக்கொள்ள வழி கிடையாது. அதுவும் நாங்கள் தேடி எடுத்த வசதிதான், யார் கண்ணிலும் பழைய பக்கம் படக்கூடாது என்று. இருந்தாலும் அண்ணாச்சியை எங்கெங்கோ தட்டிப் பார்க்கச் சொன்னேன். அவரும் தட்டினார். ஒன்றுமில்லை. ஃபோனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். “அழாதீக அண்ணாச்சி” என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அனஸ் பேண்டேஜ் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே ராஜபாளையம் ரோட்டுக்குத் திருப்பினார். வழி நெடுக நான் பேசிக்கொண்டே போனேன். எழுதியிருக்கிறார், கை அசைந்திருக்கிறது, நினைவு இருந்திருக்கிறது, நேரே போய்க் கேட்டுவிடலாம். அனஸ் “ம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கேட்டை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டான். சவரம் செய்யாத முகத்தோடு, கண் சிவந்து, ஆளே இளைத்துப்போயிருந்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“போயிரு.”

“அண்ணே, ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்.”

“அவிய நெனவில்லாம கெடக்காவ. ஒன்னையப் பாக்கவும் போறதில்ல, பேசவும் போறதில்ல. யாருக்காக வார?”

“மத்தியானம் நெனவு இருந்துச்சுல்ல?”

அண்ணன் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. உள்ளே மதினி கதவோரம் நின்று, வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினாள். அதற்கு மேல் பேசினால் அவளுக்குத்தான் ஆபத்து. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூடிக்கொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தெரு முனைக் கடைப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் மதினி பால் வாங்குகிற சாக்கில் தூக்குவாளியோடு வந்தாள். என்னைப் பார்க்காமல் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“காட்டுனேன் பாண்டீசு. கண்ணாடியப் போட்டுவிட்டு, நெஞ்சு மேல நிறுத்திப் பிடிச்சேன்.”

“வாசிச்சாவளா?”

“வாசிச்சாவ. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாவ. பொறவு எடது கையத் தூக்குனாவ. வலது கைதான் விழுந்துபோச்சுல்லா. ஒத்த வெரலால எழுதுனாவ. எழுதுனாவ, எழுதுனாவ, அப்படி எழுதுனாவ.”

“என்ன எழுதுனாவ மதினி?”

“அவிய பக்கமாத்தானே பிடிச்சிருந்தேன். எனக்குப் பின்பக்கந்தான் தெரிஞ்சுச்சு. முடிச்சதும் திருப்பிப் பாக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தெருவுல ஒங்க அண்ணன் வண்டிச் சத்தம். எனக்கு உசுரே போயிருச்சு. டப்புன்னு அட்டைய மூடி மேச மேல வச்சுட்டேன். பின்னாலயே அந்த அண்ணாச்சி வந்து வாங்கிக்கிட்டாரு.”

“மொகத்துல என்ன இருந்துச்சு? கோவமா? அழுதாவளா?”

“மொகம் ஒரு பக்கமா இழுத்துக் கெடக்கு. அதுல என்னத்தன்னு சொல்ல?” மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “எழுதி முடிச்சுட்டுக் கண்ண மூடுனாவ. பொறவு தெறக்கல.”

பால் வாங்காமலேயே போய்விட்டாள். கடைக்காரர் என்னையும் அனஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஃபோன் அடித்தது. அண்ணாச்சிதான். எடுத்தேன். அவருக்கு அந்தச் சொல் வரவில்லை. “தாயி… தாயி…” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“தேதி போடணுமா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ஆமா தாயி. வெடிகாலையிலயாம்.”

கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தேன். ஜமால் மாமா “எம்மா, நீ போம்மா, அங்க போயி நில்லு” என்றார். போவேன். வாசலோடு நிறுத்தினாலும் போவேன். ஆனால் முதலில் இந்த வேலை. மறைவு என்பதற்கு எதிரே விட்டிருந்த இடத்தில் அன்றைய தேதியை அடித்தேன். மகள் பாண்டீஸ்வரி என்ற வரி இன்னும் இருந்தது. நேற்று எடுக்க மனம் வராமல் விட்டிருந்தேன்.

அதை அப்படியே விட்டு அச்சடித்திருக்கலாம். ராஜபாளையம் முழுக்க என் பெயரோடு அய்யா நின்றிருப்பார். அண்ணன் வந்து கடையை உடைத்தாலும் உடைக்கட்டும் என்று ஒரு வேகம் வரத்தான் செய்தது. ஆனால் நான் அண்ணனிடம் கேட்கவில்லையே. அய்யாவிடம்தானே கேட்டேன். அவரும் பதில் சொல்லிவிட்டார். அது சரி என்றா, வேண்டாம் என்றா என்று தெரியாமல் அந்த வரியை எப்படி வைப்பேன்? வேண்டாம் என்று எழுதியிருந்தால்? செத்த மனிதரின் சொல்லை மீறி அவர் முகத்துக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்ள எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. என் பெயரை நானே எடுத்தேன். மேலும் கீழும் இருந்த வரிகளை இழுத்து விட்டதும், அங்கே ஒரு வரி இருந்த அடையாளமே இல்லை.

போஸ்டர் மெஷினிலிருந்து வந்துகொண்டிருந்தபோது தவசிமுத்து அண்ணாச்சி பஸ் பிடித்து நேரே வந்துவிட்டார். வாங்கிப் போக ஆள் அனுப்புவதுதான் வழக்கம். அன்றைக்கு அவரே வந்தார். தலை சீவவில்லை. உள்ளே வந்து நின்றவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் போஸ்டர்களைச் சுருட்டிச் சணல் போட்டுக் கட்டினேன். “பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்புக்கு எதிர்ச்சுவர்ல ஒண்ணு ஒட்டிருங்க” என்று மட்டும் சொன்னேன். அம்மா இருந்த சுவர் அது.

அண்ணாச்சி கட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். பையிலிருந்து டேப்லெட்டின் மூலை வெளியே தெரிந்தது.

“அண்ணாச்சி, செத்த நேரம் நில்லுங்க.”

அந்தப் பக்கத்தைத் திறந்து மறுபடி பிரிண்ட் கொடுத்தேன். பையிலிருந்து டிங் என்று சத்தம் வந்தது. எடுத்துத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். ‘அய்யா, நான் பாண்டீஸ்வரி. உங்க மகள்னு நான் சொல்லிக்கிடலாமா?’ கீழ்ப்பாதி துடைத்துவிட்டதுபோல் வெள்ளையாக இருந்தது. நேற்றைக்கு அண்ணாச்சி அதை வாசிக்கவில்லை. இப்போது வாசித்தார்.

“நீங்க பாத்த கிறுக்கல் எப்படி இருந்துச்சுன்னு இதுல போட்டுக் காட்டுங்க.”

“தாயி, நான் ஒரு நிமிசங்கூடப் பாக்கலையே.”

“பாத்தவரு நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி. ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடி யோசித்தார். விரலைத் திரையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “இங்கன ஆரம்பிச்சுச்சு… மேலேருந்து இப்படி எறங்குச்சு… இங்கன ஒரு வளைவு. இல்ல, அது இந்தப் பக்கமா… பொறவு ஒரே இழுப்பா நீளமா ஒரு கோடு…” விரல் நின்றுவிட்டது. “இதுக்கு மேல சத்தியமாத் தெரியல தாயி.”

நான் டேப்லெட்டை எடுத்துப் பார்த்தேன். தள்ளி வைத்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். வாசிக்கத் தெரியாதவளா நான்? இந்த ஊரில் எவ்வளவு மோசமான கையெழுத்து வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். இது எந்த எழுத்தும் இல்லை. சரி என்பதும் இல்லை, வேண்டாம் என்பதும் இல்லை. அய்யாவின் எழுத்துகூட இல்லை. தவசிமுத்து அண்ணாச்சியின் விரல், அதுவும் பாதி மறந்த விரல். ஆனாலும் அதை என் கையிலிருந்து கீழே வைக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கடையில் நின்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் அழுதேன். ஜமால் மாமா போய் மெஷினை நிறுத்தினார்.

வாசலில் அனஸ் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. டேப்லெட்டை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அன்றைக்கும் அவருக்குப் போக வேண்டிய வீடுகள் இருந்தன, காட்ட வேண்டிய பத்திரிகைகள் இருந்தன. அவர் போஸ்டர் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போனார். அங்கே நின்றார். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாகவே திரையின் மூலைக்குப் போனது.

நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“அத மட்டும் அழிச்சுறாதீங்க அண்ணாச்சி” என்றேன்.